எல்லையில் பிறந்த பிள்ளையை ஊருக்குக் கூட்டி வருவது எப்படி

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், கண்டக்டரிடம் சில்லறை கேட்பது தமிழில். ரேஷன் கார்டு மலையாளம், மாரியம்மன் கோயில் பாட்டு தமிழ். இந்தப் பக்கம் பிறந்து, தத்தெடுப்பு வழியாக வெளிநாடு போன பிள்ளைகள் சிலர் எட்டு வயதிலோ பத்து வயதிலோ அப்பா அம்மாவோடு திரும்பி வந்து ஊரைப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி தன் மகளைப் போன ஓணத்துக்கு முந்தின ஓணத்தில் கூட்டி வந்தான். அவன் சொல்லி இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வந்தன. மூன்று தடவையும் செய்த தப்புகளிலிருந்து கற்றதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, தமிழ் மீடியம் பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். ஆந்திர எல்லையில், சித்தூர், நகரி பக்கம் தத்தெடுத்தவர்கள் மலையாளம் என்று வரும் இடத்தில் எல்லாம் தெலுங்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும் முன்னால் ஃபைலைத் திறங்கள்

தத்தெடுத்த நாளில் கொடுத்த ஃபைல் பரணில் தூங்கும். முதல் வேலை அதை இறக்குவது. உள்ளே இருக்க வேண்டியவை: குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, குழந்தைகள் நலக் குழு பிறப்பித்த ‘தத்துக்குச் சட்டப்படி தகுதியானவள்’ என்ற ஆணை, தத்தெடுப்பு ஆணை, வெளிநாடு போனதால் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தடையில்லாச் சான்று, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் இணக்கச் சான்று. அந்த ஆணையத்தை எல்லாரும் ‘காரா’ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். தத்தெடுப்பு ஆணை 2022 செப்டம்பருக்கு முந்தையது என்றால் நீதிமன்றம் கொடுத்தது. அதற்குப் பிறகு சட்டத் திருத்தத்தால் அந்த அதிகாரம் கலெக்டரிடம் போனது. எந்த அலுவலகத்தில் நகல் கேட்பது என்று பிறகு குழம்பாமல் இருக்க இந்தத் தேதி உதவும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நலக் குழுவின் ஆணையில் வரும் ஒரு சொல். ‘சரண்டர்’ என்று இருக்கிறதா, ‘அபாண்டன்ட்’ என்று இருக்கிறதா? சரண்டர் என்றால் பெற்றவர் குழுவின் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டு ஒப்படைத்திருக்கிறார். மனம் மாற அறுபது நாள் அவகாசமும் இருந்திருக்கும். அந்த ஃபைலில் எங்கோ ஒரு பெயர் உண்டு. இரண்டாவது சொல் என்றால் குழந்தை எங்கோ கிடைத்தது, யாரும் தேடி வரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் பெயர் என்று ஒன்றே இருக்காது. தேடலில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை இந்த ஒற்றைச் சொல் முதலிலேயே சொல்லிவிடும்.

என் தம்பி மகளுடைய காகிதத்தில் இரண்டாவது சொல்தான். மலையாளத்தில் ‘உபேக்ஷிக்கப்பெட்ட’ என்று எழுதியிருந்தார்கள். அங்கே யாரோ மொழிபெயர்ப்பு செய்துகொடுத்த ஆள் அதை ‘வேண்டாம் என்று வீசப்பட்ட’ என்கிற அர்த்தத்தில் ஜெர்மன் மொழியில் போட்டுவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் படித்திருக்கிறாள். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அது சட்டத்தில் இருக்கும் ஒரு வகைப்பெயர், யார் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிற சொல் இல்லை என்று போனில் நான் மெதுவாகப் புரியவைக்க வேண்டியிருந்தது. அதனால் சொல்கிறேன்: மலையாளக் காகிதத்தை ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மொபைல் ஆப்பை நம்ப வேண்டாம்.

ஒரு நோட்டு, இரண்டு பத்தி

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நடுவில் கோடு. இடது பக்கம் ‘தெரிந்தது’, வலது பக்கம் ‘தெரியாதது’. எங்கள் வீட்டு நோட்டில் இடது பக்கம் இருந்தது: கிடைத்த தேதி, அன்றைய எடை, அவளை வைத்திருந்து தத்துக் கொடுத்த நிறுவனம் வைத்த பெயர், ‘தினம் இரண்டு வேளை ராகி’, பேப்பரில் வந்த விளம்பரம். வலது பக்கம்: அம்மா, அப்பா, வீட்டில் பேசிய மொழி, பிறந்த நேரம்.

பெரியவர்களுக்கு வலது பக்கத்தைக் காலியாக விட மனசு வராது. ‘உங்கம்மா ரொம்ப ஏழை, உன்னைக் காப்பாத்தத்தான் விட்டுட்டுப் போனா’ என்று ஒரு கதை கட்டுவார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் பொய். பதினைந்து வயதில் பிள்ளை ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். மூன்று குடும்பத்திலும் பார்த்தேன்.

பேப்பர் விளம்பரம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கண்டெடுத்த குழந்தையின் படத்தோடு, உரியவர் வரலாம் என்று நாளிதழில் அறிவிப்புக் கொடுப்பது நடைமுறை. எங்களுக்குக் கிடைத்தது தபால்தலை அளவுப் படம், நாலு வரி. வரியில் ‘பச்சை நிறத்தில் பூப்போட்ட துணி’ என்று இருந்தது. நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றிக் கேட்பாள் என்று பதில் தயார் செய்து உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது: “அத்தை, அந்தத் துணி இப்ப எங்க இருக்கு?” அதை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. பதிவேட்டில் துணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று வரை அவளுக்கு அதுதான் பெரிய வருத்தம். அதனால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது சின்னச் சின்னப் பொருளைப் பற்றிக் கேளுங்கள்: துணி, கயிறு, தாயத்து, எந்தத் தொட்டில், என்ன சாப்பிட்டாள், எந்த வார்த்தைக்குத் திரும்பிப் பார்த்தாள்.

வேர் தேடல்: யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது

சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் ‘வேர் தேடல்’ என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு முடிந்த பிள்ளை தானே காராவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். காராவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் நிறுவனமும் உதவ வேண்டும் என்பது விதி. பெற்றவர் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தால், அவர் சம்மதம் வாங்காமல் சொல்லமாட்டார்கள். அவர் மறுத்தாலோ ஆளே கிடைக்கவில்லை என்றாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதை மட்டுமாவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையின் உரிமை, பெற்றவளின் அந்தரங்கத்தை மீறக்கூடாது.

மூன்றாம் ஆள் மூலம் தேடுவதற்கு அனுமதி இல்லை. ‘எனக்கு ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு, பத்தாயிரம் குடுங்க, கண்டுபிடிச்சுத் தர்றேன்’ என்று ஒருவர் வருவார். கண்டிப்பாக வருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முகநூலில் குழந்தை படத்தைப் போட்டு ‘இவளைத் தெரியுமா’ என்று கேட்பதும் வேண்டாம். சின்ன ஊர் இது. அந்தப் பெண் இப்போது கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருக்கலாம், அவள் வீட்டில் யாருக்கும் இது தெரியாமலும் இருக்கலாம்.

காகிதத்தில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குக் கட்டுப்பாடு வந்ததே ஒரு வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தால்தான். லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கு, தீர்ப்பு 1984. அதற்குப் பிறகும் 1999லும் 2001லும் ஆந்திரத்தில் தாண்டா என்கிற லம்பாடிக் குடியிருப்புகளிலிருந்து பெண் குழந்தைகளைக் காசுக்கு வாங்கியது வெளியே வந்தது. 2005ல் சென்னையில் தெருவோரம் தூங்கிய குழந்தைகளைக் கடத்திப் பொய்க் காகிதத்தோடு வெளிநாடு அனுப்பியது பிடிபட்டது. இந்தியா 2003ல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. 2015 சிறார் நீதிச் சட்டத்துக்குப் பிறகு எல்லாம் காராவின் கணினிக்குள் வந்தது. இப்போது பிள்ளைகளைத் தத்துக் கேட்கிற நாடுகளே பின்வாங்குகின்றன: டென்மார்க்கில் வெளிநாட்டுத் தத்தெடுப்பைக் கையாண்ட ஒரே நிறுவனம் 2024 ஜனவரியில் வேலையை நிறுத்தியது, நெதர்லாந்து அதே வருஷம் படிப்படியாக மூடுவதென்று முடிவெடுத்தது. இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் கொட்ட வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் ஃபைலில் தேதிகள் ஒன்றோடொன்று முட்டினால் முதலில் காராவிடம் எழுத்தில் கேளுங்கள்.

எந்த மொழி?

எல்லாப் பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ‘கேரளத்துல பிறந்தா, நாங்க தமிழ். மலையாளம் சொல்லிக்குடுக்கணுமா?’

1956 நவம்பரில் மாநில எல்லைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த தமிழ் வீடுகள் இந்தப் பக்கமே இருக்கின்றன. பாலக்காட்டின் கிழக்கு மூலையில் கிடைத்த குழந்தையின் தாய் எந்த மொழி பேசினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘தெரியாதது’ பத்தியில் அது இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள், பரீட்சை வைக்காமல்.

நான் செய்தது: வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒரு நிமிஷம். ஒரே பொருளுக்கு இரண்டு சொல். தண்ணீர், வெள்ளம். சோறு, சோறு. அம்மா, அம்மா. நம் ஊரில் ‘வெள்ளம்’ என்றால் ஆறு கரை உடைப்பது, பக்கத்து வீட்டில் அதைக் குடிக்கிறார்கள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘ழ’ மட்டும் வரவேயில்லை. வந்த மூன்றாம் நாள், பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கண்டக்டர் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, கடைசியில் “கொழிஞ்சாம்பாற” என்று முழுசாகச் சொன்னாள். ழகரத்தை நான் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். கே.எஸ்.ஆர்.டி.சி. கண்டக்டர் மூன்று நாளில் முடித்துவிட்டார்.

எப்போது வருவது

ஏப்ரல், மே வேண்டாம். பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். குளிர்நாட்டுப் பிள்ளை படுத்துவிடும். ஐரோப்பியப் பள்ளி விடுமுறை ஆகஸ்டில் என்றால் மழையும் காற்றும் இருக்கும், ஆனால் சில வருஷம் ஓணம் சேர்ந்து வரும். எங்கள் தெருவில் தமிழ் வீடு, மலையாள வீடு என்று பார்க்காமல் வாசலில் அத்தப்பூக் கோலம் போடுவோம். செண்டுமல்லி என்னவோ தமிழ்நாட்டிலிருந்துதான் லாரியில் வருகிறது. மாசி மாதத்தில் வந்தால் எங்கள் தாலுகா சித்தூரில், பகவதி கோயிலில் கொங்கன் படை பார்க்கலாம். கொங்கு நாட்டுப் படையைத் தோற்கடித்ததற்கு எடுக்கும் விழா. தோற்றது நாங்கள்தான். இருந்தாலும் வருஷம் தவறாமல் வரிசையில் நின்று பார்க்கிறோம்.

விமானம் கோயம்புத்தூருக்கு. பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இரட்டைக் குடியுரிமை இங்கே கிடையாது. பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றை வாங்கி, ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஒரு காலத்தில் இந்தியக் குடிமகளாக இருந்தவள் என்பதால் அவளுக்குத் தகுதி உண்டு. ஒவ்வொரு முறையும் விசாவுக்கு அலைய வேண்டாம்.

வந்திறங்கிய பிறகு

குறைந்தது இரண்டு வாரம். முதல் நாலு நாள் எந்த அலுவலகமும், எந்த நிறுவனமும் வேண்டாம். தூங்கட்டும், கோழியைத் துரத்தட்டும்.

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். வந்த இரண்டாம் நாளே பட்டுப்பாவாடை, நெத்திச்சுட்டி, முப்பது சொந்தக்காரர்கள், போட்டோகிராபர் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். ஊர்ப் பழக்கத்தைக் காட்டுகிறோம் என்ற நினைப்பு. பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம். வெளியே பெரியப்பா ஒருவர், “எவ்வளவு புண்ணியம் பண்ணியிருந்தா இந்த வீடு கிடைச்சிருக்கும்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்று நாங்கள் நினைத்தோம். ‘புண்ணியம்’ அவளுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

அதனால் சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லுங்கள். புண்ணியம், பாவம், அனாதை, ‘பெத்தவ மனசு கல்லு’, இவை நாலும் வாசலுக்கு வெளியே. ‘நன்றியா இருக்கணும் கண்ணு’ அதற்கும் சேர்த்து.

இன்னொன்று, எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி: “நீ யாரு வீட்டுப் பொண்ணு சாமி?” கெட்ட எண்ணமில்லை, வணக்கம் சொல்வது போல. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது கத்தி. பதிலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நான் சொல்லிக்கொடுத்தது: “டீச்சரோட மருமக.” தம்பி மகள் எனக்கு மருமகள் முறை. கேட்ட பாட்டிமார்களுக்கு அது போதும், அடுத்த கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். நாலு நாளில் அவளே கடைக்குப் போய், யாரும் கேட்காமலே “டீச்சரோட மருமக” என்று சொல்லிப் பிஸ்கட் கடன் வாங்கி வந்துவிட்டாள்.

சாப்பாட்டில் ஃபைலையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இரண்டு வேளை ராகி’ என்று இருந்ததால் ராகிக் குறுக்கு காய்ச்சினேன், இங்கே குழந்தைகளுக்குக் கொடுப்பது போல, கருப்பட்டி போட்டு. ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டாள். “இதையா நான் தின்னேன்?” என்று கேட்டு, நோட்டில் ‘தெரிந்தது’ பத்தியில் எழுதிக்கொண்டாள்: ராகி பிடிக்காது. பிடித்தது ராமசேரி இட்லி. எலப்புள்ளிப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ வந்து குடியேறிய முதலியார் வீடுகளில் செய்வது. மண்பானை வாயில் நூல் வலை கட்டி, அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் மாவு, விறகடுப்பு. தோசை மாதிரித் தட்டையாக வரும். துணியை உரித்து எடுக்கும்போது ஆவி முகத்தில் அடிக்க, அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இது தமிழ் இட்லியா கேரள இட்லியா என்று கேட்டாள். செய்கிற அம்மா, “ரெண்டும்தான் கண்ணு, இன்னொண்ணு வெக்கட்டா?” என்றார்.

நிறுவனத்துக்குப் போகும் நாள்

முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். பாதி நாள் போதும். அங்கே இப்போது இருக்கும் குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது, மிட்டாய் விநியோகமும் வேண்டாம். எதுவும் கொடுக்க வேண்டும் என்றால் என்ன தேவை என்று அலுவலகத்தில் கேட்டு, பால்மாவோ நாப்கினோ கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளையிடம், “உனக்கு நினைவிருக்கா?” என்று அங்கே யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஒன்றரை வயதில் போனவளுக்கு என்ன நினைவிருக்கும்? நினைவில்லை என்று சொல்வது தப்பில்லை என்று ஆட்டோவிலேயே சொல்லிவையுங்கள். ‘கிளம்பலாம்’ என்பதற்கு ஒரு ரகசியச் சைகையும் பேசிவையுங்கள். எங்கள் பிள்ளை காதைத் தொடுவாள். இருபது நிமிஷத்தில் தொட்டாள், கிளம்பிவிட்டோம். இரண்டாவது தடவை அவளே கேட்டுப் போய் இரண்டு மணி நேரம் இருந்தாள்.

கிடைத்த இடத்துக்குக் கூட்டிப் போவதா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நீங்கள் மட்டும் முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு குடும்பம் பார்க்காமல் போனது. அங்கே இப்போது குப்பைத் தொட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் போன இடம் ஒரு பஸ் நிறுத்தம். புது ஷெட் போட்டிருந்தார்கள். அவள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், எந்த பஸ் எல்லாம் இங்கே நிற்கும் என்று கேட்டாள். பொள்ளாச்சி, பாலக்காடு, வேலந்தாவளம் என்றேன். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டோம். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

திரும்பிப் போன பிறகு

முதல் ஒரு மாதம் பிள்ளை பேசாமல் இருக்கலாம், கோபப்படலாம், இந்தியாவே பிடிக்காது என்றும் சொல்லலாம். இழுக்காதீர்கள். வாய்ஸ் மெசேஜை மட்டும் நிறுத்த வேண்டாம், பதில் வராவிட்டாலும். வகுப்பில் ‘உன் நாட்டைப் பற்றிப் பேசு’ என்று டீச்சர் எழுப்பி நிறுத்தினால், பேசுவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம் என்று பள்ளியில் சொல்லிவையுங்கள்.

ஒரு டப்பா வையுங்கள். எங்கள் பிள்ளையின் டப்பாவில் பேப்பர் விளம்பரத்தின் நகல், காய்ந்த செண்டுமல்லி, ஒரு பஸ் டிக்கெட் இருக்கின்றன. போன மாதம் ஒன்று கூடியது: கோயம்புத்தூர் டவுன்ஹாலில் ஜவுளிக்கடை கடையாக ஏறி நான் தேடி அனுப்பிய அரை மீட்டர் துணி, பச்சையில் பூப்போட்டது. அந்தத் துணி இது இல்லை என்று கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். “தெரியும் அத்தை, இது நீங்க வாங்கினது” என்று பதில் வந்தது. ழகரம் வருகிற சொல் ஒன்றும் அதில் இல்லை, அடுத்த வாரம் கேட்க வேண்டும்.